கூப்பிடு தூரம்

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். நிலநூல் கற்றவர், நேர்கோட்டில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், அதாவது 1,600 மைல் என்பார். விமானப் பயணச்சீட்டு வாங்கியவரோ, நான்கு மணி நேரம் என்பார். இன்று நம்மிடையே பெரிதும் வழங்குவது இரண்டாவது விடையே. இது புதுமையன்று. நம் முன்னோரும் 'நாழிகை வழி' என்று தூரத்தைக் காலத்தால் அளந்தவர்களே. நடப்பவனின் கால்கள் இருந்த இடத்தில் இன்று ஜெட் இயந்திரம் இருக்கிறது. அளக்கும் முறை மாறவில்லை.

ஆயினும் இவ்விரு அளவைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிலத்தால் அளக்கும் தூரம் சுருங்குவதில்லை. காலத்தால் அளக்கும் தூரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வங்காள விரிகுடா அன்று எவ்வளவு அகலமோ, இன்றும் அவ்வளவே அகலம். ஆனால், ஒரு வாரக் கடல் வழி இன்று ஒரு முற்பகலில் முடிந்துவிடுகிறது. இங்கிருந்துதான் ஓர் அறவினா எழுகிறது. தொலைவில் இருப்பவர்க்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை, தொலைவின் காரணமாகக் குறையுமா? குறையும் என்றால், தொலைவு சுருங்கும்போது அக்கடமை பெருக வேண்டுமன்றோ? இவ்வினாவைச் சற்றே ஆராய்வோம்.

கப்பல் நாள்கள்

மலாயாத் தமிழரின் நினைவில் 'ரஜூலா' என்னும் பெயர் இன்னும் அழியவில்லை. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கு வந்து சென்றது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களே மிகப் பலர். வந்து இறங்கியவர்களுள் எத்தனையோ பேர் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1970-களின் முற்பகுதியில் ரஜூலா ஓய்வு பெற்றது. அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. உயிர்கள் பல மாண்டன. அத்துடன் அக்கடல்வழிப் பயணக் கதையும் முடிவுற்றது.

அந்நாளில் ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே கடிதம் ஒன்றுதான் பாலம். கடிதமும் கப்பலில் வந்தது. 1930-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய என் பாட்டியார், தம் தாயார் இறந்த செய்தியைக் கருமாதி முடிந்து பல நாள்கள் கழித்தே அறிந்தார். லயத்து வாசலில் அமர்ந்து அழுவதைத் தவிர அவர் செய்யத்தக்கது வேறொன்றும் இல்லை. அவரைக் 'கடமை தவறிய மகள்' என்று யாரேனும் சொல்வாரா? சொல்லார். ஏனெனில், இயலாததைச் செய்யவில்லை என்று ஒருவரைக் குறை கூறுவது அறமாகாது. ஒன்றைச் செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு, அதைச் செய்ய இயலும் என்பது முன்நிபந்தனை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட்டின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இக்கருத்தைக் கல்லாத பாட்டிமார்களும் நன்கு அறிந்திருந்தனர். 'கடல் கடந்து கிடக்கிறவளை நொந்து என்ன பயன்?' என்று ஊரார் சொன்னதன் பொருளும் அதுவே.

எனினும், அதே கடல் வேறு சிலருக்குத் திரையாகவும் பயன்பட்டது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. ஊரில் மனைவி மக்களை விட்டு வந்து, இங்கே வேறொரு குடும்பம் கண்டு, ஊருக்கு ஒரு வரிக் கடிதமும் எழுதாதிருந்தவர்கள் தோட்டந்தோறும் இருந்தனர். 'தூரம்' என்ற ஒரே சொல் இயலாதவளுக்கும் நிழல் தந்தது. மனமில்லாதவனுக்கும் நிழல் தந்தது. இருவரையும் பிரித்தறிய அன்று வழியில்லாமல் போயிற்று. இக்கட்டுரையின் மையமே இதுதான். தூரம் நெடுங்காலமாக இயலாமையையும் மனமின்மையையும் ஒரே போர்வையால் மூடி வைத்திருந்தது. விமானம் அப்போர்வையை விலக்கிவிட்டது.

கடிகாரம் சொல்லும் கணக்கு

ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குத் தூரம், வேகம், காலம் ஆகியவற்றைக் கற்பிக்கையில் இவ்விரு நகரங்களையே நான் எடுத்துக்காட்டாகக் கொள்வதுண்டு. உலக உருண்டையின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்திராவின் வடமுனையருகே சென்று, வங்காள விரிகுடாவின் குறுக்கே சென்னையைத் தொடும். மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறந்தால் மூன்றேகால் மணி நேரம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நான்கு மணி நேரம். கப்பலின் ஒரு வாரம் 168 மணி நேரம். ஆக, பயணக் காலம் நாற்பதில் ஒரு பங்காகிவிட்டது.

இக்கணக்கில் மாணவரை மயங்க வைக்கும் ஓரிடம் உண்டு. காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரை விட்டால் சென்னைக் கடிகாரத்தில் பத்தரை மணிக்கு அங்கே இறங்கலாம். காலை ஒன்பது மணிக்குச் சென்னையை விட்டால் நம் கடிகாரத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கே இங்கே வந்து சேரலாம். போகும் வழி ஒன்றரை மணி, வரும் வழி ஆறரை மணி எனக் கடிகாரங்கள் பொய் சொல்கின்றன. காரணம், இரு நாடுகளுக்கும் இடையே உள்ள இரண்டரை மணி நேர வேறுபாடு. அதுவும் என்றும் இருந்ததன்று. தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கும்பொருட்டு 1982 சனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. அதற்கு முன்னர் வேறுபாடு இரண்டு மணி நேரமே. நிலம் ஓரங்குலமும் நகரவில்லை. ஆனால், கடிகாரக் கணக்கில் சென்னை நம்மைவிட்டு அரை மணி நேரம் விலகிப்போயிற்று.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? எண்கள் மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகள். அவை பயணத்துக்கு உதவும். யார் நமக்கு அண்மையில் இருக்கிறார், யார் சேய்மையில் இருக்கிறார் என்னும் கேள்விக்கு அவை விடை தரா. ஒருமுறை ஒரு மாணவன் இக்கணக்கைச் சரியாகச் செய்து முடித்துவிட்டு, "ஐயா, நான்கு மணி நேரந்தானே! பிறகு ஏன் எங்கள் தாத்தா ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை?" என்று கேட்டான். பால்மரம் சீவி வாழ்ந்த ஒருவருக்கு விமானக் கட்டணம் எத்தனை மாதக் கூலியாக இருந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று விளக்கினேன். நான்கு மணி நேரம் என்பது கட்டணம் செலுத்த முடிந்தவர்க்கே நான்கு மணி நேரம். அது முடியாதவர்க்கு வங்காள விரிகுடா இன்றும் கப்பற்காலத்து அகலமே.

இரு அறிஞர்கள்

தொலைவும் கடமையும் பற்றி மேனாட்டு அறிஞர் இருவர் கூறியவை ஈண்டு நினைக்கத்தக்கவை. ஆடம் சுமித் 1759-இல் வெளியிட்ட அறவுணர்வு பற்றிய நூலில் ஒரு கற்பனை செய்கிறார். சீனப் பெருநாடு தன் மக்களோடு நிலநடுக்கத்தில் மூழ்கிப்போயிற்று என்று கொள்வோம். ஐரோப்பாவில் உள்ள நல்லவன் ஒருவன் அச்செய்தி கேட்டு வருந்துவான். வாழ்வின் நிலையாமை பற்றிப் பேசுவான். பின்னர் இரவில் அயர்ந்து உறங்குவான். அவனுக்கே நாளை தன் சுண்டுவிரல் போகும் என்று தெரிந்தால் இன்றிரவு உறக்கம் வாராது. இவ்வளவோடு நிறுத்திப் பலர் சுமித்தை மேற்கோள் காட்டுவர். அவர் அங்கே நிற்கவில்லை. அந்தச் சுண்டுவிரலைக் காக்க அத்தனை உயிர்களையும் பலி கொடுக்க அவன் இசைவானா என்று கேட்டு, இசையான் என்கிறார். உணர்ச்சி அண்மையில் உள்ளதையே பெரிதாகக் காட்டும்; உள்ளே இருக்கும் மனச்சான்றோ அந்த அளவைத் திருத்தும் என்பது அவர் கருத்து.

ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர், கிழக்கு வங்காள அகதிகளின் துயரை முன்னிட்டு எழுதி 1972-இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பது கடமை எனில், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் பசியால் மடியும் குழந்தையைக் காப்பதும் கடமையே. தூரம் அறத்தில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் வன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு தடை எழுகிறது. உலகத்தார் அனைவரும் எனக்கு ஒரே தூரத்தில் இருக்கிறார்கள் என்றால், யாரிடமிருந்து தொடங்குவேன்? எல்லார்க்கும் கடமைப்பட்டவன் ஒருவர்க்கும் கடமை செய்யாமற்போவதை நாம் காண்கிறோம் அல்லவா? உலகத்துக்காகக் கண்ணீர் விடுபவன் பக்கத்து வீட்டுப் படியேற மறந்துவிடுகிறான். எனவே, அண்மை என்பதற்கு அறத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த அண்மையை எதனால் அளப்பது என்பதே நாம் தெளிய வேண்டுவது.

கூப்பிடு தூரம்

தமிழில் ஓர் அருமையான அளவை இருக்கிறது. அது 'கூப்பிடு தூரம்'. ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர்க்குக் கேட்கும் தொலைவு என்பது அதன் பொருள். மைலும் கிலோமீட்டரும் நிலத்தை அளக்கின்றன; மணியும் நிமிடமும் பயணத்தை அளக்கின்றன. கூப்பிடு தூரம் ஒன்றுதான் இரண்டு மனிதரை வைத்து அளப்பது. அழைப்பதற்கு ஒருவர் வேண்டும். செவி சாய்ப்பதற்கு ஒருவர் வேண்டும். இருவருள் ஒருவர் இல்லையென்றாலும் அந்த அளவை பொருளற்றதாகிவிடும்.

இதன் ஆழத்தை உணர்த்திய நாள் 2004 டிசம்பர் 26. அன்று காலை, மலேசிய நேரப்படி ஒன்பது மணிக்குச் சற்று முன்னர், சுமத்திராவின் வடமேற்குக் கடலடியில் பூமி பிளந்தது. ஆழ்கடலில் ஆழிப்பேரலை ஏறத்தாழ ஜெட் விமானத்தின் வேகத்தில் செல்லும் என்பர். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பொழுதில் அது தமிழகக் கரையை அடைந்தது. நம் பாட்டன்மார் கப்பலேறிய அதே நாகப்பட்டினம் பிணக்காடாயிற்று. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவ்வலை பினாங்குக் கரையை அடைந்தது நண்பகலுக்குப் பின்னரே. நாகையின் அழிவுக்கும் பினாங்கின் அழிவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளி இருந்தது. தொலைபேசி இருந்தது; வானொலி இருந்தது. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் பிள்ளைகளோடு சென்றிருந்த நம் நாட்டு மக்களுக்கு எச்சரிக்கை வந்து சேரவில்லை. மலேசியாவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தனிமனிதர் எவர்மீதும் இக்குற்றத்தைச் சுமத்துவது முறையன்று. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. 2007-இல்தான் இந்தியா ஐதராபாத்தில் அதற்கான நடுவத்தை நிறுவியது. ஆனால், நாம் எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விமானங்கள் நாள்தோறும் பறந்த இரு கரைகள் அவை. பயணக் காலத்தால் அளந்தால் மிக நெருங்கியவை. எனினும் அந்த முற்பகலில் ஒன்றின் கூக்குரல் மற்றதன் செவியில் விழவில்லை. விரைந்து செல்லும் வழி இருந்தமையால் மட்டும் அவை கூப்பிடு தூரத்தில் வந்துவிடவில்லை. கேட்பதற்கு ஒரு செவியை நாமே அமைத்தாக வேண்டும். நாடுகளுக்கு உரிய இவ்வுண்மை வீடுகளுக்கும் உரியது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நம் பழைய வரலாற்றில் உண்டு. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பன் வருவான், அவனுக்கும் ஓரிடம் ஒதுக்குக என்றான். சூழ இருந்தோர் ஐயுற்றனர், புலவர் வந்தார். தாமும் வடக்கிருந்தார். நட்புக்கு உடனுறைதலும் பழகுதலும் வேண்டுவதில்லை, ஒத்த உணர்வே உரிமை தரும் என்னும் வள்ளுவர் கருத்துக்கு உரை கண்ட பரிமேலழகர் இவ்விருவரையே சான்றாகக் காட்டினார். நடந்து கடக்க நாள்கள் பல ஆகும் வழி அது. ஆயினும் அவர்கள் கூப்பிடு தூரத்திலேயே வாழ்ந்தனர்.

மூடிய வாயில்கள்

காலத்தால் சுருங்கிய தூரம் மீண்டும் விரியாது என்று எண்ணுவதும் பிழை. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் கடல்வழி அடைபட்டது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் கதியை ஊரில் இருந்த உறவினர் அறியவே வழியில்லை. பின்னர், யாரும் எதிர்பாராத வகையில் 2020 மார்ச்சில் அது மீண்டும் நிகழ்ந்தது. மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சில நாள்களில் இந்தியா வழக்கமான அனைத்துலக விமானச் சேவைகளை நிறுத்தியது. சிறப்பு விமானங்கள் சில பறந்தன எனினும், வழக்கமான நிலை திரும்ப 2022 மார்ச்சு, ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. ஈராண்டுக் காலம் நான்கு மணி நேரம் என்ற விடை ஏட்டில் மட்டுமே இருந்தது. தாயின் ஈமச்சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டு அழுத பிள்ளைகளை நாம் கண்டோம். என் பாட்டியாரின் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் வேறுபாடு மிகச் சிறிது.

அந்த ஈராண்டு நமக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. போக முடியாத காலத்தில், போக முடியவில்லையே என்று துடித்தவர் யார், போக வேண்டியதில்லை என்று உள்ளூர அமைதி கொண்டவர் யார் என்பது அவரவர் மனச்சான்றுக்குத் தெரியும். வாயில்கள் திறந்த பின்னர் முதலில் எங்கே சென்றோம் என்பதே அதற்குச் சான்று.

அண்மையில் உள்ள சேய்மை

இனி, நம் வீட்டுக்கு வருவோம். சென்னைக்கு நான்கு மணி நேரத்தில் செல்லும் நாம், ஆண்டுதோறும் கோயில்களுக்குச் செல்கிறோம். புடைவை வாங்கச் செல்கிறோம். மார்கழி இசைவிழாவுக்குச் செல்கிறோம். இவை குற்றங்கள் அல்ல. உழைத்துச் சேர்த்த பொருளில் மகிழ்வது உரிமையே. ஆனால், கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலை வழியே இரண்டு மணி நேரத்தில் அடையக்கூடிய பேராக் மாநிலத்துப் பழைய தோட்டத்து வீட்டிலோ, முதியோர் இல்லத்திலோ இருக்கும் தாயை ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மட்டும் காணச் செல்பவர்களும் நம்மிடையே உள்ளனர். சென்னையைவிட அந்தத் தாய் சேய்மையில் இருக்கிறாள். இடையில் கடலில்லை, கப்பலில்லை, கடவுச்சீட்டில்லை. அந்தத் தூரத்தை எந்த நிலநூலும் குறிக்கவில்லை; அதை உண்டாக்கியவர் நாமே.

பழங்காலமே பொற்காலம் என்று நான் வாதிடவில்லை. கப்பல்தட்டில் வாந்தியோடும் வெயிலோடும் வந்தவர்களின் துன்பத்தை அறிந்தவர் யாரும் அதைத் திரும்ப வேண்டமாட்டார். ஆயினும், ஒரு வாரம் பயணம் செய்து ஊருக்குப் போனவர் இரண்டு மூன்று திங்களாவது தங்கினார். அனைவர் வீட்டுக்கும் சென்றார். பழைய பிணக்குகளைத் தீர்த்தார். இறந்தவர்க்குப் பிந்தியாவது அழுதார். நான்கு மணி நேரத்தில் செல்பவர் மூன்றாம் நாள் திரும்பிவிடுகிறார். பயணத்தில் மிச்சமான நேரம் உறவுக்குச் சேரவில்லை. அது எங்கே போயிற்று? இக்கேள்வியை ஒவ்வொருவரும் தம்மிடமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். விமானம் நமக்கு 160 மணி நேரத்துக்கும் மேலான காலத்தை மீட்டுத் தருகிறது. அதில் ஒரு பங்கேனும் யாரைக் காணச் சென்றோமோ அவர்க்கு உரியதன்றோ?

முடிவுரை

தூரம் கடமையைக் குறைக்குமா என்ற வினாவுக்கு நாம் இப்போது விடை கூறலாம். தூரம் கடமையைக் குறைப்பதில்லை; கடமையை ஆற்றும் திறனையே குறைக்கிறது. திறன் குறைந்தவரைக் குறை கூறாதிருப்பது நீதி. ஆதலால், போக வழியற்ற முன்னோரையும், இன்றும் கட்டணம் செலுத்த இயலாத ஏழையையும் நாம் குறை சொல்லோம். ஆனால், திறன் கூடிய அளவுக்குப் பொறுப்பும் கூடுகிறது. செல்ல முடிந்தவர் செல்லாமலிருப்பதற்குத் தூரத்தைக் காரணம் காட்டும் உரிமையை விமானம் பறித்துவிட்டது. உலகத்தார் அனைவர்க்கும் ஒரே நாளில் உதவ நம்மால் இயலாது. யாருடைய குரல் நம் பெயரைச் சொல்லி அழைக்கிறதோ, அங்கிருந்து தொடங்க நம்மால் இயலும்.

இளையோர்க்குக் கணக்குக் கற்பிக்கும் நாம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்னும் இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் கற்பிக்க வேண்டும். அங்கே உன்னை எதிர்பார்த்திருப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை அறிந்தவர்க்குச் சென்னையும் கோலாலம்பூரும் கூப்பிடு தூரமே. அறியாதவர்க்கு அடுத்த தெருவும் அயல்நாடே. குரல் கேட்கும் செவியுடையவர்களாய் நம் பிள்ளைகளை வளர்ப்போமாக.